ராயக்கோட்டை பக்கம் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கினேன் – ரெண்டரை வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

குட்டி வாங்கின அன்னைக்கே ரிவ்யூ போட்ருங்க மாமான்னு மச்சான் சொன்னான், நான் போடல. வாங்கின அன்னைக்கு எல்லா குட்டியும் அழகா தான் இருக்கும், குட்டி எடுத்து விக்கற எல்லா பிரீடரும் தேன் ஒழுக தான் பேசுவாங்க. காசு கைமாறி வருஷம் ரெண்டு ஆனதுக்கப்பறம் அந்தாளு நம்ம போன எடுக்கறாரான்னு பாத்துட்டு எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டரை வருஷம் ஆகுது. எழுதலாம்.

அவரு பேரு, நம்பர் ரெண்டும் போடல, அவரே வேணாம்னுட்டாரு. "போன்ல ரேட்டு கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா என் தக்காளி செடிக்கு யாரு தண்ணி கட்டறது தம்பி"ன்னாரு. அதனால ராயக்கோட்டை பக்கம் ஒரு தக்காளி தோட்டக்காரர், வருஷத்துக்கு ஒரு ஈத்து மட்டும் ராஜபாளையம் குட்டி எடுக்கறவர், இவ்ளோ தான் சொல்ல முடியும். தேடறவங்க தேடி கண்டுபிடிச்சிடுவீங்க.

மொதல்ல மச்சான் கதைய சொல்லிடறேன், அது நடக்கலன்னா நான் இவ்ளோ உஷாரா போயிருக்க மாட்டேன். அவன் ஓசூர்ல கம்பெனி வேலை, லேப்ரடார் குட்டி வேணும்னு போன்ல போட்டோ பாத்து 12,000 ரூபாய்க்கு பேசிட்டான். அந்தாளு வீட்டுக்கு வராதீங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்லி வாழைப்பழ அட்டைப்பெட்டில வச்சு குடுத்துட்டு பைக்க எடுத்துட்டு போயிட்டான். தாய் எங்கன்னா பெங்களூர்ல இருக்குன்னானாம். 45 நாள் குட்டின்னான். ஊசி போட்ட கார்டுன்னு ஒன்னு குடுத்தான், அதுல தேதி மட்டும் பேனாவுல எழுதியிருக்கு, மருந்து பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்ற ஸ்டிக்கர் இல்ல, டாக்டர் சீல் இல்ல. அப்பல்லாம் எங்களுக்கு அது பாக்கணும்னே தெரியாது.

மூணாம் நாள் குட்டி சுணங்கி படுத்துச்சு. நாலாம் நாள் வாந்தி, அப்பறம் ரத்தமா பேதி, அந்த நாத்தம் ஒரு தடவ மோந்தவங்களுக்கு மறக்காது. டாக்டர் பாத்ததுமே பார்வோன்னுட்டாரு, நாய்க்குட்டிங்கள கொல்ற தொத்து வியாதி. வாய தொறந்து பல்ல பாத்துட்டு இது ஒரு மாசம்கூட தாண்டாத குட்டி, யாருங்க உங்ககிட்ட 45 நாள்னு சொன்னதுன்னு கேட்டாரு. ரெண்டு நாள் டிரிப் ஏத்தினாங்க, ஆறாம் நாள் காலைல போயிடுச்சு. மச்சான் அந்தாளுக்கு போன் போட்டா "நான் குடுக்கும்போது நல்லா தான குடுத்தேன், நீங்க என்னத்த போட்டீங்களோ". கொஞ்சம் சத்தம் போட்டதும் வேணும்னா இன்னொரு குட்டி 6,000-க்கு தரேன்னான். அப்பறம் பிளாக்.

எனக்கு கோவம் வந்தது அந்த இன்னொரு குட்டி பேச்சுல தான். பார்வோ கிருமி வீட்டுக்குள்ள தரையில மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், பிளீச்சிங் போட்டு கழுவினாலும் ஊசி முடியாத குட்டிய அங்க கொண்டு வரக்கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. நாய் வித்து பொழைக்கற ஆளுக்கு இது தெரியாம இருக்குமா? அதே ஈத்துல இருந்த மத்த குட்டிங்க எந்தெந்த வீட்டுக்கு போச்சோ, ஒருத்தருக்கும் ஒரு போன் போயிருக்காது.

சரி, நம்ம கதை. காவேரிப்பட்டணம் பக்கம் ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கு, முக்காவாசி பெங்களூரா காய், ஓரமா கொஞ்சம் செந்தூரா. சீசன்ல ராத்திரி காய் திருட்டு தாங்கல. அதுக்கு தான் ராஜபாளையம். போச்சம்பள்ளி ஞாயித்துக்கெழம சந்தையில ஆடு யாவாரி ஒருத்தர் சொல்லி தான் இவர தெரியும். முன்னாடியே சொல்லிடறேன், ரோடு படு மோசம், கடைசி ரெண்டு கிலோமீட்டர் கார் அடி தட்டும், மேப்ப நம்பி போனா யாராச்சும் களத்துல போய் நிப்பீங்க.

போனதும் குட்டிய காட்டுவாருன்னு பாத்தா திண்ணையில உக்கார வச்சு கேள்வி. எதுக்கு நாய், தோப்புக்கா வீட்டுக்கா, பகல்ல கட்டிப்போடுவியா, சீசன் முடிஞ்சா என்ன பண்ணுவ, வீட்டுல யாருக்கு நாய் ஆகாது. எங்கம்மாவுக்கு புடிக்காதுங்கன்னு உண்மைய சொல்லிட்டேன். "அப்ப அம்மாவ கூட்டிட்டு இன்னொரு நாள் வா"ன்னு எந்திரிச்சு போயிட்டாரு. எனக்கு வந்த கடுப்புக்கு, காசு குடுத்து வாங்கறவன பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சாதகம் கேக்கறியேன்னு மனசுக்குள்ள திட்டிட்டே வண்டிய திருப்பினேன். ஆனாலும் மறு வாரம் அம்மா, வீட்டுக்காரி, பாப்பா எல்லாரையும் ஏத்திட்டு போனேன். மச்சான் குட்டிய பொதைச்ச எடம் கண்ணுல நின்னுச்சு, அதான்.

அன்னைக்கு தான் தாய் நாய காட்டினாரு. கூண்டெல்லாம் இல்ல, வீட்டு பின்னாடி சாய்ப்புல கட்டிலுக்கு அடியில படுத்திருக்கு, ஏழு குட்டி மேல ஏறி மிதிக்குது. எங்கம்மா கிட்ட வந்து மோந்து பாத்துட்டு காலடில படுத்துக்கிச்சு, அம்மா ஒன்னும் சொல்லல, முந்தானைய மட்டும் இழுத்து வச்சுக்கிட்டாங்க. அதையே சம்மதமா எடுத்துக்கிட்டாரு மனுசன்.

செவுத்துல முருகர் காலண்டருக்கு பக்கத்துல மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ண சான்றிதழ பிரேம் போட்டு மாட்டியிருக்காரு. 2017-ல மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதி போட்டிருக்குன்னே நிறைய பேருக்கு தெரியாது, எனக்கும் அன்னைக்கு தான் தெரியும். பதிவு இல்லாம குட்டி எடுத்து விக்கக்கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது, ஒன்னரை வயசு ஆகாத பொட்டைய சேக்கக்கூடாது, அது ஆயுசுக்கும் அஞ்சு ஈத்துக்கு மேல எடுக்கக்கூடாது, விக்கறதுக்கு முன்னாடி மைக்ரோசிப் போடணும், அதாவது நாய அடையாளம் காட்ட தோலுக்கு அடியில வைக்கற நம்பர் சிப்பு. பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட நின்னவன் இதுல எத்தனைய மீறியிருக்கான்னு நீங்களே எண்ணிக்கோங்க. வித்த குட்டிய வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் விசாரிச்சு, எப்படி இருக்கு, செத்திருந்தா எதனால செத்துச்சுன்னு எழுதி வைக்கறதும் அதே விதியில இருக்கு. இத யாரு செய்வா இந்த ஊர்லன்னு நான் சிரிச்சேன். அவரு உள்ள போய் ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்துட்டு வந்தாரு.

அந்த நோட்ட பத்தி கொஞ்சம் சொல்லணும். மொத பக்கத்துல 2005-ல தபால் துறை நாலு இந்திய நாய்களுக்கு விட்ட ஸ்டாம்புல ராஜபாளையம் ஸ்டாம்ப மட்டும் ஒட்டி வச்சிருக்காரு, ஓரம் மஞ்சளாகிடுச்சு. அதுக்கப்பறம் ஈத்துக்கு ரெண்டு பக்கம். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி, சிப்போட 15 இலக்க நம்பர், வாங்கினவர் ஊரு, போன், ஊசி தேதி, அப்பறம் வருஷம் போட்டு "நல்லா இருக்கு", "வெயிட் கம்மி", "வீடு மாத்திட்டாங்க". சில வரி செவப்பு மையில முடியுது. லாரி. பாம்பு. கிட்னி. ஒன்னுல வெறும் "காணோம்"னு இருந்துச்சு, அதுக்கு பக்கத்துல மூணு வருஷமா ஒவ்வொரு தேதி, அதாவது ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்காரு. அத பாத்துட்டு எனக்கு பேரம் பேச வாய் வரல. 11,000 சொன்னாரு, குடுத்துட்டேன்.

திண்ணையில ஒரு வயசான நாய் படுத்திருந்துச்சு, ஆறேழு வயசு இருக்கும். அது யாருன்னா பெங்களூர்ல பிளாட்டுக்கு போன குட்டியாம், வீட்டுக்காரங்க வெளிநாடு போறாங்கன்னதும் இவரே போய் கூட்டிட்டு வந்துட்டாரு. இனி யாருக்கும் தர மாட்டேன், இங்கயே கெடக்கட்டும், "குட்டி போட வச்சது நான், அப்ப சோறு போடறதும் என் கணக்கு தான"ன்னாரு. நமக்கும் கையால எழுதின ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்து வாங்கினாரு, எந்த வயசுல வளக்க முடியாம போனாலும் நாய் அவருகிட்ட தான் திரும்பி வரணும், விக்கவோ தூக்கி குடுக்கவோ கூடாது, அவரக் கேக்காம குட்டி எடுக்கவும் கூடாது.

இதோட நிறுத்தியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன். நிக்கல.

மார்ச்சுல குட்டி வந்துச்சு, பாப்பா மணின்னு பேர் வச்சா. வெள்ளை வெளேர்னு, மூக்கு மட்டும் ரோஸ். நல்லா தின்னான், ஓடினான், ஆனா ரெண்டு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. ஒன்னு, வெளையாடும்போது ரொம்ப பலமா கடிப்பான், பாப்பா கத்தினாலும் விட மாட்டான். இன்னொன்னு தூக்கம். கேட்ட தொறந்து வண்டி உள்ள வந்தாலும் அசைய மாட்டான். குட்டி தான, அசந்து தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டோம்.

ஜூன் மொத வாரம், காய் லோடு ஏத்தற நாள். கூழ் பேக்டரிக்கு போற லாரி தோப்புக்குள்ள ரிவர்ஸ் வருது, அந்த பீப் பீப் சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். மணி அந்த லாரி வர்ற வழியில நடுவுல நெழல்ல படுத்திருக்கான். நான் கத்தறேன், பாப்பா கத்தறா, லோடுமேன் ஒருத்தன் லாரி பாடிய பட பட பட்டுன்னு தட்றான், இவன் காத கூட ஆட்டல. டிரைவர் பிரேக் அடிக்கவும் லோடுமேன் பாஞ்சு பின்னங்கால புடிச்சு இழுக்கவும் சரியா இருந்துச்சு. டயருக்கும் அவன் வாலுக்கும் ஒரு மொழம் கூட இல்ல. இழுத்ததும் முழிச்சு வால ஆட்டறான் மடையன், என்னமோ வெளையாட்டுன்னு. நான் அப்படியே கூடை மேல உக்காந்துட்டேன்.

சாயங்காலம் அவருக்கு போன் போட்டேன், சண்டை போட தான் போட்டேன். செவிட்டு நாய காவலுக்குன்னு தலையில கட்டிட்டீங்களேன்னு வாய்க்கு வந்தத பேசினேன். அவரு குறுக்க பேசல. மறுநாள் காலைல ஏழு மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்ல கேட்டாண்ட நிக்கறாரு, டீ கூட குடிக்கல. மணி தூங்கற வரைக்கும் ஒரு மணி நேரம் காத்திருந்து, பின்னாடி போய் தட்டுல கரண்டிய தட்டினாரு. ஒன்னும் இல்ல. குக்கர் விசில், ஒன்னும் இல்ல. தரையில ஓங்கி மிதிச்சாரு, டக்குனு முழிச்சுட்டான், அதிர்வு மட்டும் தெரியுது. கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டு சொன்னாரு: "இது என் தப்பு தம்பி. குட்டிங்கள கூட்டமா வச்சு தட்ட தட்டி பாத்தேன். மத்ததெல்லாம் திரும்பி ஓடுச்சு, இவனும் அதுங்கள பாத்து ஓடியிருக்கான். தனித்தனியா ரூம்ல விட்டு பாத்திருக்கணும்."

வெள்ளை முடி இருக்கற சில இனங்கள்ல இது பரம்பரையா வர்ற கோளாறாம், ராஜபாளையத்துலயும் இருக்கு. தோலுக்கு கலர் குடுக்கற செல்லு காதுக்குள்ளயும் இருக்கணும், அது இல்லன்னா பொறந்த சில வாரத்துலயே உள்காது செத்துடும், அப்பறம் மருந்து கெடையாது. ரெண்டு காதும் போனது சீக்கிரம் தெரிஞ்சிடும், ஒரு காது மட்டும் போனது தான் ஆபத்து, பாக்க நல்ல நாய் மாதிரியே இருக்கும், அத வச்சு குட்டி எடுத்தா அடுத்த தலைமுறைக்கு போகும். மூளைக்கு சத்தம் போகுதான்னு ஒயர் வச்சு பாக்கற டெஸ்ட் ஒன்னு இருக்கு, அதுல தான் உறுதியா தெரியும், எங்க டாக்டர்கிட்ட அந்த மெஷின் இல்ல. இந்திய கென்னல் கிளப்போட (கே.சி.ஐ) வம்சாவளி பேப்பர் வாங்கியும் இப்படியான்னு அவருகிட்ட கேட்டேன். அந்த பேப்பர் அப்பன் யாரு ஆத்தா யாருன்னு சொல்லும், காது கேக்குமான்னு சொல்லாதுன்னாரு, அதுவும் சரி தான்.

முழு காசு தரேன், நாய நானே வச்சுக்கறேன்னாரு. இல்லன்னா அடுத்த ஈத்துல காசில்லாம குட்டி தரேன், இவன நான் கூட்டிட்டு போறேன்னாரு. பாப்பா மணிய கட்டிப்புடிச்சுட்டு ரூமுக்குள்ள போய் தாப்பா போட்டுக்கிட்டா. அத பாத்துட்டு பையில இருந்து 5,500 எண்ணி டேபிள் மேல வச்சாரு, நான் வேணாம்னு தள்ளினேன், எங்கம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க. அம்மா அம்மா தான்.

பாதி காசு திரும்பி வந்ததுக்காக நான் இத எழுதல. அன்னைக்கு ராத்திரியே மத்த ஆறு வீட்டுக்கும் போன் போட்டிருக்காரு, இந்த ஈத்துல ஒன்னு செவிடு, உங்க குட்டிய தனியா விட்டு பாருங்க, தயவுசெஞ்சு குட்டி எடுக்காதீங்கன்னு. பர்கூர் பக்கம் ஒரு வீட்டுல கூப்பிட்டா கேக்குது, ஆனா சத்தம் எந்த பக்கம் இருந்து வருதுன்னு தெரியாம சுத்தி சுத்தி பாக்குதாம், ஒரு காதுன்னு சந்தேகம். இன்னொருத்தர் ஜோடிக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தவரு, இவர கண்டபடி திட்டிட்டாராம். கேட்டுக்கிட்டாரு. ஆண் நாய் குடுத்த ஆளுக்கும் நேர்ல போய் சொல்லிட்டு வந்தாரு. தாய் நாய்க்கு கருத்தடை பண்ணிட்டாரு, நாலு வயசு தான் அதுக்கு, இன்னும் ரெண்டு ஈத்து எடுத்திருக்கலாம், ஒரு ஈத்துன்னா ஏழு குட்டி, கணக்கு போட்டு பாருங்க.

அப்பறம் மூணு ஞாயித்துக்கெழம வந்து எங்களுக்கு தான் டிரெய்னிங் குடுத்தாரு, மணிக்கு இல்ல. பின்னாடி இருந்து தொடாத, திடுக்குனு கடிச்சிடுவான். காத்து அடிக்கற பக்கமா நின்னு வா, உன் வாசனை மொதல்ல போகட்டும். ராத்திரி கூப்பிடணும்னா டார்ச்ச ரெண்டு தடவ அடி. உள்ளங்கைய கீழ காட்டினா உக்காரு, நெஞ்ச தட்டினா வா. பாப்பா ஒரு மாசத்துல எல்லாம் பழகிட்டா, நான் இன்னும் வாயால கத்திட்டு அசடு வழியறேன்.

காவலுக்கு ஆவானான்னு கேப்பீங்க. கேக்காது, ஆனா மோப்பமும் கண்ணும் டபுளா வேலை செய்யுது, போன சீசன்ல வேலி தாண்டின ரெண்டு பேர கொலைச்சே ஓட விட்டான். சொந்த சத்தமே கேக்காததால அவன் கொலைக்கறது ஊருக்கே கேக்கும், பக்கத்து தோட்டக்காரர் அதுக்கு ஒரு தனி பஞ்சாயத்து வச்சிருக்காரு. லாரி வர்ற நாள்ல மட்டும் கட்டிப்போட்டுடறோம். தீபாவளிக்கு தெரு நாயெல்லாம் சாக்கடைக்குள்ள ஒளிஞ்சுக்கும், எங்காளு வாசல்ல கால நீட்டி படுத்துட்டு சரவெடிய வேடிக்கை பாப்பான்.

குறைன்னு சொல்லணும்னா நெறைய இருக்கு. பில் கெடையாது, ஜிபே கெடையாது, காசு தான். வீட்டுக்கு கொண்டு வந்து தர மாட்டாரு. அவசரத்துக்கு குட்டி கேட்டா கெடைக்காது, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஒம்போது மாசமா காத்திருக்காரு. பேச்சு மொரட்டுத்தனமா இருக்கும். சாப்பாட்டு விஷயத்துல மாமியார் தோத்துடுவாங்க, பிஸ்கட் போட்டேன்னு தெரிஞ்சா அரை மணி நேரம் லெக்சர். அந்த செவிட்டு விஷயம் விக்கறதுக்கு முன்னாடி அவரே கண்டுபிடிச்சிருக்க வேண்டியது, நாப்பது வருஷமா நாய் வளக்கறவர். லோடுமேன் ஒரு நொடி லேட்டா பாஞ்சிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். அதுக்கு ஒரு ஸ்டார் கட். நாலு குடுக்கறேன். மச்சானும் போன வருஷம் இவருகிட்ட தான் வாங்கினான், கேள்வியெல்லாம் பாஸ் பண்ண மூணு தடவ ஓசூர்ல இருந்து வந்தான் பாவம். இந்த தடவ ஒவ்வொரு குட்டியையும் தனி ரூம்ல விட்டு தட்டு தட்டினத நான் என் கண்ணால பாத்தேன்.

போறவங்க நாலு மணிக்கு மேல போங்க, காலைல தக்காளி பறிப்பு, மண்டிக்கு ஓடற அவசரத்துல மூஞ்சி குடுத்து பேச மாட்டாரு. வீட்டுல நாய் ஆகாதவங்க யாராச்சும் இருந்தா மொத தடவையே கூட்டிட்டு போயிடுங்க, பெட்ரோல் மிச்சம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெயிட் அனுப்பணும், அதுக்கும் தயாரா இருங்க, நான் மணிய தூக்கிட்டு மெஷின்ல ஏறி நின்னு அப்பறம் நான் மட்டும் நின்னு கழிச்சு பாத்து அனுப்பறேன், இடுப்பு போயிடும். இந்த தடவ பத்து நாள் தள்ளி போயிடுச்சு, இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ரெண்டு மிஸ்டு கால்.